அயிரையைத் தூக்கிய ஐஸ்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து சாரல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. துணி எதுவும் காயவில்லை.

வியாழன் ஆன்லைனில் நேர்காணல். தேறினால் அண்டார்டிகா ஆய்வுப் பயணம், நான்கு மாதம். தலைப்பு: பனிப்படலத்தின் அடியில் நடப்பது அதன் வளர்ச்சியை எப்படி மாற்றுகிறது? கையில் ஏதாவது காட்டி விளக்க வேண்டும்.

அம்மாவிடம் ஒத்திகை.

"மேல விழுற பனியில மட்டும் அது வளர்றதில்லம்மா. பூமிச் சூட்டுல அடியில உருகுற தண்ணி ஓடிப் போயி, வேற இடத்துல திரும்ப உறைஞ்சு, மேல கெடக்குற ஐஸையே தூக்கி விட்டுரும்."

"தூக்கட்டும். அதுக்கு நீ எதுக்கு அங்க போயி நிக்கணும்? விட மாட்டேன்."

அப்பா பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு அத்தனை வளைவிலும் அஞ்சாமல் ஜீப்பு ஓட்டுகிறவர். அம்மா முன்னால் ஹாரன்கூட அடிக்க மாட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று தடவை கரண்டு போனது. ஃப்ரீசரில் பாதி ஐஸ், மீதி அம்மாவின் அயிரை மீன் பொட்டலம். இடுக்கில் என் குண்டா. அடியில் நீல மைத் தண்ணீரை உறைய வைத்து, மேலே வெறும் தண்ணீர். நீலம்தான் அடியில் உறைந்த ஐஸ். நேர்காணலில் இதைத்தான் காட்டப் போகிறேன்.

வாங்க வேண்டியவை: போன் ஸ்டாண்டு, தலைவலி மாத்திரை, அம்மாவுக்கு மல்லிகை (லஞ்சம்).

ஜூலை 10, வியாழன்

போச்சு. குளித்துவிட்டு வந்தால், அம்மா கத்தியும் கையுமாக ஃப்ரிட்ஜ் முன்னால். அப்பா அயிரைக் குழம்பு கேட்டாராம்.

"பொட்டலம் ஒட்டிக்கிருச்சு. வெரசா எடுக்கலாம்னு ஒரு குத்துதான் குத்துனேன். புஸ்ஸுன்னுச்சு."

ஃப்ரிட்ஜில் கேஸ் மொத்தமும் காலி.

"என் குண்டா எங்கம்மா?"

"அந்த நீல ஐஸா? கெட்டுப் போச்சுன்னு முருங்கை மரத்தடியில கொட்டிட்டேன்."

அழுதேன். கத்தினேன். நேர்காணலுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். அம்மா ஃப்ரீசரிலிருந்து பெயர்த்துச் சிங்கில் போட்டிருந்த ஐஸ் பாளத்தை எடுத்து நீட்டினாள். பொட்டலம் அதிலேயே ஒட்டியிருந்தது.

"இது ஆகாதாத்தா?"

வாங்கிப் புரட்டினேன். பொட்டலத்துக்கு அடியில் நாலு விரல் கனத்துக்கு ஐஸ். அதற்கும் அடியில் ஒரு கறிவேப்பிலை.

"ம்மா, இதை ஐஸ் மேலயா வச்ச?"

"இல்லையே. வெறும் ஃப்ரீசர் தட்டுலதான் வச்சேன். அப்ப ஐஸே இல்ல."

அட! கரண்டு போனபோதெல்லாம் உருகிய தண்ணீர் அடியில் புகுந்து, திரும்ப உறைந்து, பொட்டலத்தையே தூக்கியிருக்கிறது. என் மூளை எங்கே போயிருந்தது?

அதையே காட்டினேன். நேர்காணல் குழுவில் இருந்த சென்னை மேடம் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"அந்தப் பச்சை என்ன?"

"கறிவேப்பிலை, மேடம்."

"மேலே வால் மாதிரி?"

"அயிரை மீன், மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கேட்டதெல்லாம் அடிப்பக்கத்தைப் பற்றித்தான். பதில் சொல்லி முடிப்பதற்குள் மடியெல்லாம் மீன் தண்ணீர். மதியம் அயிரைக் குழம்பு. ருசிதான்.

ஜூலை 14, திங்கள்

மெயில் வந்துவிட்டது. தேர்வாகிவிட்டேன்!!

அப்பா ஜீப்பில் ஏறி உட்கார்ந்து விடாமல் ஹாரன் அடித்தார். அம்மா வாசலுக்கு வந்தாள். நிறுத்திவிட்டார்.

அம்மா உள்ளே போனாள். வெகுநேரம் ஃப்ரிட்ஜையே துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, திரும்பிப் பார்க்காமல்:

"ஏத்தா, அங்க போயி ஐஸைக் கத்தியால குத்திராத. கேஸு போயிரும்."