முகட்டுக் கம்பி

1995 மே 9, செவ்வாய்

காலையிலிருந்து மேற்கே சுத்தியல் சத்தம். தம்பிதுரை மாமா ஓட்டைப் பிரிக்கிறார். நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவரைக் கேட்டால், "அண்ணன் அன்னைக்கே சொன்னாருல்ல, உனக்குத்தான் காதுல உளல" என்கிறார். என் காதில் விழாத நேரம் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

தெளிவாகவே எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் வக்கீலுக்கு உதவும். வீடு ஒன்று, பாகம் இரண்டு. மேற்குப் பாகம் என் வீட்டுக்காரர் பாலுசாமியின் அண்ணன் தம்பிதுரைக்கும் அவர் சம்சாரம் முத்தாத்தாளுக்கும். கிழக்குப் பாகம் நமக்கு. நடுவே ஒரு சுவர். கூரையை மட்டும் பிரிக்க முடியாமல் ஒரே முகடாக ஓடுகிறது.

பாகம் பிரித்த அன்று அண்ணன் பிரித்தார், தம்பியை முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மேற்கில் ஓர் அறை கூடுதல். பிரிக்கிறவர் எதற்காக ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி வைக்கிறார்? ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. 'கிழக்கு' என்று இவர் காதில் சொன்னேன். அந்த ஆடியிலேயே புரிந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று முதலில் அவர்கள் கூரையில் அடித்துவிட்டுத்தான் நமக்கு வருகிறது. நல்லவேளை தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் கிழக்கு என்றதும் மாமா முகத்தில் ஏமாற்றமே இல்லை. அது இன்று வரை உறுத்துகிறது.

மே 12, வெள்ளி

போன ஆடியில் இரண்டு பாகத்திலும்தான் ஓடு பறந்தது. நமக்கு அரிசி மூட்டை நனைந்தது. ஆகவே நாமும் ஏதாவது செய்தாக வேண்டும். ஓட்டை எடுத்துவிட்டு சிமெண்டில் தட்டையாகத் தார்சு போட்டுவிடலாம் என்றேன். காற்று வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

"மண்ணுச் செவுரு, தார்சு தாங்காது" என்றார் இவர்.

"யார் சொன்னது?"

"ரசாக் பாய்."

ரசாக் என்பவர் உக்கடத்திலிருந்து வரும், கூரைக்கு சிமெண்ட் சீட் மாட்டுகிற ஆள். அவரைக் கூட்டிவந்தது யார்? மாமா. அப்புறம் வேறு என்ன சொல்வார்? மதியம் அவரே நம் வாசலுக்கு வந்தார். "ஏனுங்கம்மா, முகடு ஒண்ணா இருக்குது. ஆளுக்கொரு கூரை போட்டா ஒத்து வராதுங்க. சீட்டுன்னா ரெண்டு பக்கமும் சீட்டு, ஓடுன்னா ரெண்டு பக்கமும் ஓடு."

இரண்டு வீட்டு வேலையையும் சேர்த்துப் பிடிக்கப் பார்க்கிறார். சிமெண்ட் சீட்டுக்கு அடியில் சித்திரை மாதம் உட்கார்ந்து பார்த்தவள் நான். என் தம்பியின் தறிக் கொட்டகை அப்படித்தான், மண்டை வெந்துவிடும். நமக்கு ஓடே இருக்கட்டும், உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லிவிட்டேன். இவர் வாயைத் திறக்கவில்லை. இவர் இப்படி இருப்பதால்தான் நான் அப்படி இருக்க வேண்டியிருக்கிறது.

மே 20, சனி

அவர்கள் பக்கம் சீட் ஏற்றியாயிற்று. வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பக்கத்தில் நம் ஓடு அழுக்காகத் தெரிகிறது. அதற்குத்தான் செய்தார்களோ என்னவோ.

ஜூன் 3, சனி

அவிநாசியில் அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் நம் கிழக்குச் சுவரில் ஒரு கொக்கி! அதிலிருந்து தீக்குச்சி தடிமனில் கம்பி ஒன்று, நம் ஓட்டின் மேலே முகட்டோடு ஓடி, அவர்கள் சீட்டையும் தாண்டி, மேற்குச் சுவரில் இன்னொரு கொக்கியில் போய் முடிகிறது. விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

முத்தாத்தாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"காத்துக்குத்தான் கண்ணு. சீட்டும் ஓடும் சேர்ற எடத்துல காத்து பூந்துச்சுன்னா ரெண்டும் போயிருமாமா. கம்பி அமுத்திப் புடிச்சுக்கும்னு ரசாக் பாய் சொன்னாரு. உங்கூட்டுக்காரரும் சரின்னு சொன்னாரே?"

இவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்றகிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா நீ உடுவியா?" என்றார்.

விடமாட்டேன்தான். ஏன் விடவேண்டும்? அப்பா வீட்டுச் சுவரில் பக்கத்து வீட்டுக்காரன் துணி காயப்போடக் கொடி கட்டினான். போகட்டும் கொடிதானே என்று விட்டார் அப்பா. அப்புறம் கீற்றுச் சாய்த்தான். அப்புறம் சுவரே எங்களுது என்றான். வழக்கு கோயமுத்தூருக்கும் அவிநாசிக்குமாக அலைந்தது. அப்பா போகும்வரை அது முடியவில்லை. சுவரில் ஒருத்தன் ஆணி அடித்தால் அது வெறும் ஆணி இல்லை.

ஜூன் 5, திங்கள்

பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்தக் கம்பிதான் கண்ணில் படுகிறது. காக்கா ஒன்று அதில் உட்கார்ந்து நம் வீட்டைப் பார்க்கிறது.

கழற்றச் சொன்னேன். "ஆடி களியட்டும்" என்கிறார் இவர். அடுத்த வருடம் ஆடியே வராதா?

ஜூன் 14, புதன்

எழுதலாமா வேண்டாமா? எழுதுகிறேன். இந்த நோட்டு பீரோவில்தான் இருக்கும். சாவி என் இடுப்பில்.

இவர் பட்டறைக்குப் போனதும், மகள் லோகு பள்ளிக்கூடம் கிளம்பியதும், பின்பக்கமாக ஏணி வைத்து ஏறினேன். நடுச்சுவருக்கு நேர் மேலே, நம் பக்கத்து முகட்டில், இவருடைய கட்டிங் பிளேயரால் கடித்துக் கடித்துத் திருகினேன். லேசில் விடவில்லை. டங்கென்று விட்டது. கீழிருந்து பார்த்தால் தெரியக்கூடாதே, இரண்டு நுனியையும் முகட்டு ஓட்டுக்கடியில் செருகினேன். அதற்குள் கீழே முத்தாத்தாள், "அம்மணி, கருவேப்பில இருக்குதா?" என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிறாள். வேவு பார்க்கத்தான். அவசரமாக இறங்கிக் கருவேப்பிலை ஒடித்துக் கொடுத்தேன்.

அவர்கள் கம்பி அவர்கள் பக்கம். நம் சுவர் நமக்கு. ரொம்ப நாளைக்குப் பிறகு சோறு இறங்கியது.

ஜூன் 27, செவ்வாய்

கட்டிங் பிளேயர் காணோம். தையல் மிஷின் டிராயரில்தான் வைத்தேன், நன்றாக நினைவிருக்கிறது. பிடியில் சிவப்புப் பெயிண்டில் 'பா' என்று எழுதியிருக்கும். முத்தாத்தாள்தான் எடுத்து வைத்திருக்கிறாள். டிவி பார்க்க லோகு அங்கே போவதும், இவள் இங்கே வருவதுமாக வீடு சத்திரமாகக் கிடக்கிறது.

"ஏனுங்கக்கா, எங்கூட்டு பிளேயர எங்கீனயாச்சும் பாத்தீங்களா?"

"இல்லியே கண்ணு."

துவைக்கிற துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 20, வியாழன்

மாமா விழுந்துட்டாரு. மேலிருந்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. மிச்சத்த நாளைக்கு எழுதறேன்.

ஜூலை 21, வெள்ளி

நடந்தது நடந்தபடி.

நேற்றுக் காலை பத்து மணிக்குமேல் காற்று பிடித்தது. இப்படி ஒரு காற்றை நான் இந்த ஊருக்கு வந்து பார்த்ததில்லை. அவர்கள் சீட் படபடவென்று அடித்துக்கொண்டது. மாமா ஏறிவிட்டார். சீட்டின் மேலே தவழ்ந்து நம் பக்கம் வந்தார். நான் வாசலில் நின்று, "மாமா, எங்க பக்கம் எதுக்குங்க வாரீங்க?" என்று கத்தினேன். ஏதோ சொன்னார். காற்று கொண்டுபோய்விட்டது.

நடுச்சுவருக்கு நேரே உட்கார்ந்தார். முகட்டு ஓட்டைத் தூக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பார்த்துவிட்டார். அப்புறம் நுனி இரண்டையும் கையில் பிடித்து இழுத்து முறுக்கப் பார்த்தார். அப்போதுதான் சேர்கிற இடத்தில் காற்று புகுந்து ஒரு சீட் பிய்ந்து எழுந்தது. நம் ஓடு இரண்டு வரிசை அப்படியே உருண்டது. அவரும்.

பிரித்துப்போட்ட பழைய ஓட்டுக் குவியலின் மேல் விழுந்தார். வலது தோள். முத்தாத்தாள் ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடினாள். சூலூரிலிருந்து கார் பிடித்து கோயமுத்தூர் கொண்டுபோனார்கள்.

எதற்காக மேலே ஏறினார்? யார் ஏறச் சொன்னது?

ஜூலை 23, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்தால் அதை ஒரு குறையாகச் சொல்வார்கள். இவர் அண்ணனிடம் கேட்டார், புதுக் கம்பி எப்படி அறுந்தது என்று.

"துருப்புடிச்சிருந்துச்சுடா. சீண்டறம் புடிச்ச கம்பியக் குடுத்துப்போட்டான் கடக்காரன்."

ஒன்றரை மாதக் கம்பி. துரு எங்கிருந்து வரும்? கடிபட்ட நுனியைக் கையில் பிடித்துப் பார்த்தவர் அவர். பிறகு ஏன் மறைக்கிறார்? சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. முத்தாத்தாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் திரும்பவில்லை. இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

இதை வைத்துப் பின்னால் எதையோ கேட்கப் போகிறார்கள். கிழக்குச் சுவரா? பின்னால் உள்ள தென்னை மரமா? கேட்கட்டும். கேட்டுவிட்டால்கூட நிம்மதி.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டார். தோளில் தகடு வைத்திருக்கிறார்கள். வலது கை இனித் தோளுக்குமேல் எழாதாம். இன்னும் எதுவும் கேட்கவில்லை.

நம் கூரையில் தார்ப்பாய். ராத்திரி முழுக்க அது அடித்துக்கொள்கிறது.

ஆகஸ்ட் 19, சனி

லோகு சொல்கிறாள், "பெரியப்பா எடது கைல சாப்பிடப் பழகறாரும்மா." சாப்பிடும்போது அங்கே போய் உட்காராதே என்று அடித்துவிட்டேன். பிறகு அழுதேன். அவள் எதற்காக அடித்தேன் என்றுகூடக் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

கூரை விஷயம் பேச மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். ரசாக்கும் வந்திருந்தார். இன்றைக்குத்தான் கேட்பார் என்று தயாராகவே போனேன்.

மாமா சொன்னது: "ஒரே கூரையாப் போட்டரலாம். அம்மணிக்கு ஓடுதான் புடிக்கும். நாங்க சீட்டக் களட்டிப்போட்டு ஓட்டுக்கே வந்தர்றோம். சூடு தாங்க முடியலன்னு இவளும் சொல்லிட்டுத்தான் இருந்தா."

அவ்வளவுதான். ஓரத்து ஓட்டுக்கெல்லாம் துளை போட்டு, ஒவ்வொன்றையும் அடியிலுள்ள ரீப்பர்ச் சட்டத்தோடு கம்பியால் கட்டிவிட வேண்டும் என்றார் ரசாக். வருடா வருடம் ஆடிக்கு முன்னால் ஏறி, தளர்ந்ததை முறுக்க வேண்டுமாம். முகட்டுக் கம்பியும் மறுபடி வேண்டும் என்றார். சொல்லிவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருடமாக ஆடிக் காற்றுக்கு எப்படிப் பயந்தார்களோ அப்படித்தான் எனக்கும் பயந்திருக்கிறார்கள்.

"பழைய கொக்கி இருக்குதுங்களே, அதுலயே கட்டிருங்க" என்றேன்.

இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. மாமா தலையை மட்டும் ஆட்டினார். எதையுமே கேட்கவில்லை. எனக்குத்தான் அடங்கவில்லை. ஒரு மனுஷன் ஒன்றும் கேட்காமல் இருப்பானா?

நவம்பர் 6, திங்கள்

மழை. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பிளேயர் பேச்சை இன்று மறுபடி எடுத்தேன். "எங்க போகப்போகுது கண்ணு, கெடைக்கும்" என்றாள் முத்தாத்தாள். அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாள்? புதிது வாங்கிக்கொள்ளலாம் என்றார் இவர். வேண்டாம், எடுத்தவள் கொண்டுவந்து வைக்கட்டும் என்றேன்.

1996 ஜூலை 9, செவ்வாய்

ஆடிக்கு இன்னும் ஒரு வாரம்தான். மாலையில் கட்டாயம் ஏறுகிறேன் என்று தினமும் சொல்லிவிட்டு, இவர் பட்டறையிலிருந்து இருட்டித்தான் வருகிறார். ரசாக் மகள் நிலோஃபர் கல்யாண வேலையில் இருக்கிறார். இன்று மதியமே காற்று சுழன்று அடிக்க ஆரம்பித்தது. மாமா முற்றத்தில் நின்று அண்ணாந்து முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை ஏணியைத் தொட்டுத் தொட்டு மீள்கிறது.

"நீங்க இருங்க மாமா" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

மேற்கு ஓரத்தில் நாலைந்து ஓடு ஆடிக்கொண்டிருந்தது. நடுச்சுவருக்கு மேலே முகட்டுக் கம்பியும் தளர்ந்திருந்தது. கையால் முறுக்கிப் பார்த்தேன், விரல்தான் கிழிந்தது. "கையில வராது அம்மணி" என்றார் கீழிருந்து. முத்தாத்தாள் உள்ளே போனாள். பழைய துணியில் சுற்றி எதையோ கொண்டுவந்து, ஏணியில் நாலு படி ஏறி என்னிடம் நீட்டினாள்.

பிரித்தேன். சிவப்புப் பெயிண்டில் 'பா'. துருவே இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள்.

"அன்னைக்கு ஆசுப்பத்திரில வேட்டி மாத்தும்போது அவரு மடில இருந்துச்சு கண்ணு. முகட்டு ஓட்டுக்கடியில கெடந்துச்சாம். யாரு கண்ணுலயும் பட்டறக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு."

நான் டிராயரில் வைக்கவே இல்லை. அங்கேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். அவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறார். அந்தக் காற்றில், முதலில் இதை.

மேலே உட்கார்ந்து அழுதேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. கீழே மாமா வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "காத்து ஏறுது அம்மணி. முறுக்கிப்போட்டு வெரசா எறங்கு" என்றார். முறுக்கினேன். ஆட்டிப் பார்த்து, மறுபடி முறுக்கினேன். அவர்கள் பக்கத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் நம் பக்கம் வந்தேன். நான் இறங்கும்வரை அவர் இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிளேயரை நம் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. அவர்கள் வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது போன வருட டைரியை எடுத்து ஜூன் 27-ஐப் படித்தேன். 'முத்தாத்தாள்தான் எடுத்து வைத்திருக்கிறாள்' என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். அடிக்கவில்லை. அவள்தான் எடுத்து வைத்திருந்தாள்.