எட்டேகால் அடி

என் சண்டைக்கார அம்மாவுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று இத்தனை நாளில் எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் எழுதுகிற ஆள் இல்லை, நிலம் அளக்கிற ஆள். ஆனால் போன மாதம் உன்னைப் பற்றி ஒரு விஷயம் தெரியவந்தது. அன்றிலிருந்து உன் படத்தின் முன்னால் கொஞ்சம் நேராக நிற்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மரக்காணத்தில் பஸ் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து நம் தெருவுக்கு வந்தால் நீயே வழி தப்பிவிடுவாய். முக்கு டீக்கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுவிட்டார்கள். காபி நுரையில் இலை வரைந்து தருகிறார்கள். கடல் பக்கத்து வரிசையில் நம் வீடும் பிலோமி அத்தை வீடும்தான் மிச்சம். மற்றதெல்லாம் சென்னைக்காரர்களின் வாரக் கடைசி வீடுகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார்கள் வரும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மற்ற நாளெல்லாம் கேமராக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

நீ கூடை சுமந்த உப்பளம் அப்படியே இருக்கிறது. இப்போது அந்த உப்புக் குவியல் பக்கத்தில் கார்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உனக்குச் சிரிப்பு வருகிறதா, கோபம் வருகிறதா?

நம் வீட்டை விற்பதற்கு நான் ஏற்பாடு செய்திருந்தேன். கூடுவாஞ்சேரியில் ஒரு ஃபிளாட் பதிவு செய்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் சாவி கைக்கு வந்துவிடும் என்று ஜெனி வீட்டில் பெரிதாகச் சொல்லியும் வைத்திருந்தேன். இருக்கிற வில்லாக்களையும் சேர்த்து நம் வரிசை முழுவதையும் வளைத்துச் சுற்றுச்சுவர் கட்டி, உள்ளே இன்னும் சில வில்லாக்கள் போடுகிற புரமோட்டர்தான் வாங்குவதாக இருந்தது. எல்லாம் பேசி முடித்தாயிற்று. அப்போதுதான் புரோக்கர் தேவராஜ், வில்லங்கச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்தார்.

"ஏம்பா அந்தோணி, இன்னாப்பா இது? வடக்குப் பக்கம் நெலத்துல ஒரு பட்டைய உங்கம்மா ஊராட்சிக்குத் தானமா எழுதிக் குடுத்திருக்காங்க. பொது வழின்னு போட்டிருக்குது."

"எங்கம்மாவா? வேற யாராவதா இருக்கும். எங்கம்மா கறிவேப்பிலை கேட்டாலே நாளைக்கு வான்னு சொல்ற ஆளு."

"கையெழுத்து அவங்களதுதான்பா. ஊரு நிலத்தையெல்லாம் மெஷின் வெச்சு அளக்கிறே, உன் வூட்ட அளந்து பாக்கலியா நீ?"

அளக்கவில்லை அம்மா. நீதான் ஒரு தடவை போனில் கேட்டாய்: "உன் மெஷின எடுத்துக்கினு வந்து வடக்குப் பக்கம் அளந்து நாலு கல்லு நட்டுக் குடுடா." நான் ஏதோ சைட்டில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். "இருக்கிற வூட்ட அளந்து என்னம்மா பண்ணப் போறே? எனக்கு வேலை இல்லையா?" என்று வைத்துவிட்டேன். இரண்டாவது முறை நீ கேட்கவில்லை. எதற்கென்று அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன் என்று உனக்குத் தெரியும், அதனால்தானே?

கோபத்தோடுதான் ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் என் பேரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"லூர்து மேரிம்மா பையனா நீங்க? உக்காருங்க, உக்காருங்க. அய்யோ, அந்த அம்மா என்னைப் படுத்தின பாடு!"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன்னைப் பற்றி உனக்கே சொல்வது அபத்தம்தான். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாதே.

வழிக்கு நாலு அடி எழுதினால் போதும் என்று அவர் சொன்னாராம். "நாலு அடியில சைக்கிள் போவும். பெட்டி எப்படிப் போவும்?" என்று நீ கேட்டாயாம். எந்தப் பெட்டி என்று அவருக்குப் புரியவில்லை. நீ வெளியே போய், சான்றிதழ் வாங்க வந்து காத்திருந்த மூன்று பேரை உள்ளே கூப்பிட்டாய். கிளார்க்கையும் எழுப்பினாய். ஆபீஸ் பெஞ்சை நாலு பேரும் தோளுக்குத் தூக்க வேண்டும் என்றாய்.

"தூக்கினீங்களா?" என்று கேட்டேன்.

"தூக்காம? அந்த அம்மா வுடுவாங்களா? பெஞ்ச தூக்கிக்கினு இந்த ஹால்ல நடந்தோம் சார். டேப்ப வெச்சு அளந்தாங்க. ஆறடி வந்துச்சு. சரிம்மா, ஆறடி எழுதிடலாம்னேன். இருப்பா, பெட்டிக்குப் பக்கத்துல ஒரு பொம்பள அழுதுகினே நடந்து வரணும் இல்ல, அவளுக்கு எடம் எங்கன்னாங்க. அவங்களே பெஞ்ச ஒரு கையால பிடிச்சுக்கினு நடந்து காட்டினாங்க. எட்டேகால் அடி வந்துச்சு. அதத்தான் எழுதினோம்."

அம்மா, எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பாவை எடுத்துக்கொண்டு போன அந்த நாள்.

காலம் காலமாகக் கல்லறைக்குப் போன தெருக்கோடி வழி, யாரோ ஒருவரின் பட்டா நிலம் என்று நமக்கெல்லாம் தெரிந்ததே அன்றைக்குத்தான். முதல் வில்லா வந்து, குறுக்கே கேட் போட்டிருந்தார்கள். பெட்டி தோளில் இருந்தது. வாட்ச்மேன் பாவம், "சார்கிட்ட கேக்கணும்" என்று போன் செய்துகொண்டே இருந்தான். சார் எடுக்கவில்லை. மெயின் ரோட்டைச் சுற்றிப் போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். எனக்கு எதிலும் அவசரம். நீ வீட்டுக்குத் திரும்பி நடந்தாய். தோட்டத்துக் கீற்று வேலியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துச் சாய்த்தாய். "இப்படி எடுத்துக்கினு வாங்க" என்றாய்.

நம் தோட்டத்தைத் தாண்டினால் அரசு மணல் புறம்போக்கு, அதற்கடுத்து கல்லறை. அப்படித்தான் அப்பா போனார். துவைக்கிற கல்லுக்கும் பிலோமி அத்தை வேலிக்கும் நடுவே பெட்டியின் மூலை உரசியது. நீ அப்பா பக்கத்தில் நடக்க முடியவில்லை. எல்லா ஆண்களும் போன பிறகு கடைசியில் வந்தாய்.

அந்த வேலியை நீ திரும்பக் கட்டவே இல்லை. நாய் வருது, ஆடு வருது, கட்டும்மா என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்! "கட்டலாம், கட்டலாம்" என்பாய். துவைக்கிற கல்லைக் கிணற்றுப் பக்கம் நகர்த்தினாய், அதற்கும் திட்டினேன். தோட்டத்தின் நடுவே நித்தியகல்யாணிச் செடிகளை ஒரே வரிசையாக வைத்தாய். உனக்கு எப்போதிலிருந்து பூச்செடி ஆசை என்று கிண்டல் செய்தேன்.

ஊராட்சி ஆபீசிலிருந்து நேரே வீட்டுக்குப் போய் முதல் முறையாக நம் இடத்தை அளந்தேன். பிலோமி அத்தை வேலியிலிருந்து செடி வரிசை வரை. தெருப் பக்கம் எட்டேகால் அடி. நடுவில் எட்டேகால் அடி. புறம்போக்கு மணல் தொடங்குகிற இடத்தில் எட்டேகால் அடி. அவை பூச்செடிகள் இல்லை, நீ போட்ட எல்லைக்கோடு. மெஷினை நிறுத்திய முக்காலி பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தேன், லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷினைக் கையாள்கிறேன். ஒரு பாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று கேட்டால் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டுவேன். அழுகிறவளுக்கு இடம் விட வேண்டும் என்று எனக்கு எந்த ஜென்மத்திலும் தோன்றியிருக்காது.

இன்னொன்றும் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. உன்னையும் அந்த வழியாகத்தான் எடுத்துக்கொண்டு போனோம். உன் பெட்டியின் பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நான் தாராளமாக நடந்து வந்தேன். எங்கேயும் உரசவில்லை. யார் கொடுத்த இடம் என்று தெரியாமலே நடந்தேன் அம்மா.

தேவராஜ் அடுத்த நாளே நேரில் வந்துவிட்டார். வழி இருந்தால் சுற்றுச்சுவர் வராது, சுவர் வராவிட்டால் புரமோட்டர் வாங்க மாட்டார். ஆனால் அவரிடம் ஒரு யோசனை இருந்தது.

"பத்திரத்துல இருக்குது, சர்வே ஆபீஸ் புலப்படத்துல இல்ல. வழிய தனி நம்பரா உட்பிரிவு பண்ணல, கல்லும் நடல. நீ ஒண்ணும் பண்ண வாணாம்பா. சும்மா இரு, அது போதும். சுவர் ஏறிடுச்சுன்னா எவன் வந்து கேக்கப் போறான்?"

அவர் சொன்னது சரிதான். என் தொழிலில் படத்தில் இல்லாதது பூமியில் இல்லை. இந்தக் கரையில் நான் வரைந்த லேஅவுட்டுகளில் எத்தனை ஒற்றையடிப் பாதைகள் இருந்தன தெரியுமா? டிரோன் படத்தில் தலைவகிடு மாதிரி பளிச்சென்று தெரியும். "படத்துல இருக்கா? இல்லல்ல, வுடு" என்பார் மேனேஜர். விட்டுவிடுவேன். அவை எங்கே போகின்றன என்று ஒரு நாளும் நடந்து பார்த்ததில்லை. கிணற்றுக்கா, கோயிலுக்கா, கல்லறைக்கா? யாருடைய அம்மா நடந்து போட்ட பாதையோ?

ஜெனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிளாட் கைவிட்டுப் போகும் என்றும் சொன்னேன்.  அவள், "நெஜமாவே பெஞ்ச தூக்க வெச்சாங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். உன்னை இன்னும் கொஞ்ச நாள் அவள் பார்த்திருக்கலாம்.

உட்பிரிவுக்கு விண்ணப்பித்தேன். போன வியாழக்கிழமை தாலுகா சர்வேயர் வந்தார். என் மெஷினுக்கு எதிரே அளவுக் குச்சி பிடிக்க ஆள் வேண்டும் என்றதும் பிலோமி அத்தை தானாகவே வந்து நின்றாள்.

"என் கோழி இந்தப் பக்கம் வந்துச்சுன்னு ஊரக் கூட்டினா உங்கம்மா. அவளா வழி வுட்டா?"

"அவங்கதான் அத்தை. குச்சிய நேரா பிடிங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ரெண்டடி குடுத்திருப்பேன் இல்ல? புண்ணியம் மொத்தத்தையும் அவளே கட்டிக்கினு போவணும் அவளுக்கு!" என்றாள். குச்சியை அசையாமல்தான் பிடித்திருந்தாள்.

நாலு கல்லும் நட்டாயிற்று. ஃபிளாட் போய்விட்டது, புரமோட்டர் இந்த வரிசையை விட்டுத் தெற்கே போய்விட்டார். அடுத்த நாள் காலையில், நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு வில்லாக்கார அம்மா வந்து, இந்த வழியாகக் கடலுக்குப் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்று அப்பாவை நிறுத்திய அதே கேட் வீட்டுக்காரர். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமி அத்தை முந்திக்கொண்டாள்: "போங்கம்மா, பொது வழிதான். யாரையும் கேக்க வாணாம்."

ஊருக்கே திரும்பி வந்துவிடுவேன் என்றெல்லாம் உன்னிடம் சொல்ல மாட்டேன். வந்தால் நீயே துரத்துவாய். இந்த வீட்டை ஒரு நாள் விற்கத்தான் போகிறேன் அம்மா. ஆனால் அந்தப் பத்திரத்தில் நான்கு எல்லைகளை எழுதும்போது, வடக்கே 'பொதுப் பாதை, எட்டேகால் அடி' என்று முதல் வரியாக நானே எழுதுவேன். வாங்க வருகிறவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அவரைக் கூட்டிக்கொண்டு தெருவிலிருந்து கல்லறை வரை ஒரு தடவை நடப்பேன். உன் கல்லறைக்கு எதிரே நின்று, இதைக் கொடுத்தவர் இவர்தான் என்று சொல்வேன். அதற்குப் பிறகும் வாங்குகிறவருக்குத்தான் விற்பேன்.

கேட்டபோது அளந்து தராத,
உன் மகன்
அந்தோணி