இரண்டு விரற்கடை பின்னால்

மார்ச் 4, செவ்வாய்

தங்கை இன்று மறுபடி அலையில் ஏறினாள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் கழித்து முதல் தடவை. என் பட்டறையில் விரிசல் அடைத்துக் காயப்போட்டிருந்த மூன்று அலைச்சறுக்குப் பலகைகளையும் அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன். விழாமல் நேராக வந்தாள்.

பிசியோதெரபிஸ்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு மாசம் நேரா மட்டும் போகட்டும், வெட்டித் திருப்பவே கூடாது" என்று சொல்லியிருந்தார். இவள் சொன்னால் கேட்கிற ஆளா? அதனால் பலகையின் அடியில் மீன் துடுப்பு போல நிற்கும் ஃபினை, அதன் பள்ளத்துக்குள்ளேயே இரண்டு விரற்கடை பின்னால் தள்ளித் திருகிவிட்டேன். ஃபின் வால் பக்கம் போகப் போக, பலகை பிடிவாதமாக நேர்கோட்டில்தான் போகும். முன்னால் வந்தால் லேசாகச் சாய்ந்தாலே திரும்பும். அவளிடம் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் பலகைக்கு ஃபின் மாட்டுவது நான்தான். குனிந்துகூடப் பார்க்க மாட்டாள்.

மார்ச் 19

வேறு ஊரில் ஒரு அலைப்பயிற்சிப் பள்ளி. ஆசிரியர் வேலைக்கு இவளைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஏப்ரல் 26. கடலில் இறங்கித் திருப்பங்கள் எல்லாம் செய்து காட்ட வேண்டும். கிடைத்தால் அங்கேயே தங்கல். வீட்டுக்குள் குதிக்கிறாள், அந்தக் காலை வைத்துக்கொண்டு!

"நான் போயிட்டா உனக்கு நிம்மதிதானே அக்கா? குளியலறை முழுக்க உனக்கே."

ஆமாம் ஆமாம் என்று சிரித்தேன். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஏப்ரல் 4

ஒரு மாதம் முடிந்தது. ஃபினை முன்னால் நகர்த்த வேண்டும். இரண்டு நிமிட வேலை. நாளைக்கு.

ஏப்ரல் 5

பட்டறையில் கூட்டம். நாளைக்கு.

ஏப்ரல் 11

ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"திரும்பவே மாட்டேங்குது அக்கா. ஒரு ஃபினுக்குப் பதிலா மூணு போட்டுப் பாக்கலாமா? பக்கத்துல ரெண்டு சின்னது மாட்டுற இடம் இருக்கே."

கேட்டாளே! அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். மூன்று மாட்டுவதென்றால் பலகையைக் கவிழ்க்க வேண்டும், நடுவில் இருப்பது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவாள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஃபின்ல ஒண்ணும் இல்லடி. கால் இன்னும் பழகல. போகப் போகச் சரியாயிடும்."

அவள் கால் மீது பழியைப் போட்டேன். பலகையில் ஓட்டையைப் பூசி மெழுகுகிற கையின் பழக்கம் வாய்க்கும் வந்துவிட்டது போல.

முதல் மாதம் முழங்காலுக்காக. சரி. இந்த ஒரு வாரம் யாருக்காக?

ஏப்ரல் 17

துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, முஷ்டியால் முழங்காலைக் குத்திக்கொண்டிருந்தாள். "சனியனே, சனியனே" என்று. என்னைப் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன். துணியும் எடுக்கவில்லை.

சே, என்ன ஜென்மம் நான்.

ஏப்ரல் 18

"போன் பண்ணி தேர்வுக்கு வரலேன்னு சொல்லிட்டேன். இனிமே உன் பட்டறையிலயே ஏதாவது வேலை குடு."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன். இந்த வரியை அடிக்கப் போவதில்லை. இது கிடக்கட்டும் இங்கேயே.

ஏப்ரல் 19, சனி

சொல்லிவிட்டேன். பலகையைக் கவிழ்த்து, விரலை வைத்துக் காட்டி, பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஒரு மாதக் கணக்கையும் சேர்த்து. குனிந்து பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"நாப்பத்தாறு."

"ஒரு மாசம் காலுக்கு. மீதி?"

"மீதி எனக்கு. நீ போயிடக் கூடாதுன்னு."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "நான் இந்தக் காலை என்னென்ன சொல்லித் திட்டினேன் தெரியுமா? மன்னிப்பு எங்கிட்ட கேக்காத. இதுகிட்ட கேளு" என்று முழங்காலைத் தட்டிக் காட்டினாள். ஃபினைத் தானே முன்னால் நகர்த்தித் திருகிக்கொண்டு கடலுக்குப் போனாள். பட்டறை வாசலில் நின்று பார்த்தேன். இரண்டாவது அலையிலேயே பலகை வளைந்து மேலேறி, திரும்பி இறங்கியது. கரைப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 21

பள்ளித் தலைவருக்கு நானே போன் செய்தேன். தப்பு முழுக்க என்னுடையது, அவளை மறுபடி கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அம்மா, ஆறு வாரம் தன் பலகையைக் கவிழ்த்துப் பாக்காம தண்ணில இறங்கினவங்க. அவங்கள நம்பி நான் எப்படிப் பிள்ளைங்கள அனுப்புறது?" என்றார்.

என்னை நம்பினாள், அதுதான் ஐயா அவள் செய்த தப்பு. இதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை, போனை வைத்த பிறகுதான் தோன்றியது. உதவி செய்யப் போய், இருந்த கதவையும் சாத்திவிட்டேன்.

அடுத்த தேர்வு ஜூலையில். அதற்கு விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்றார்.

ஏப்ரல் 22

மறைக்காமல் அவளிடம் அப்படியே ஒப்பித்தேன். சாப்பிடுவதை நிறுத்தினாள். "சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

மே 9

இன்றும் பேசவில்லை. பாத்திரம் கழுவி வைத்திருந்தாள். என் தட்டையும் சேர்த்து.

மே 30

விண்ணப்பத்தை என் மேஜை மேல் வைத்து, "தபால்ல போட்டுடு" என்றாள். என் கையிலா கொடுக்கிறாள்? உடனே போய்ப் போட்டேன். திரும்பி வந்தபோது வாசலில் நின்றிருந்தாள். "போட்டியா?" என்று கேட்டாள். ரசீதை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். பார்க்கட்டும், பார்க்கத்தான் வேண்டும்.

ஜூலை 12, சனி

தேர்வாகிவிட்டாள். திங்கட்கிழமை கிளம்புகிறாள். இரண்டு பெட்டி, ஒரு பலகை.

காலையில் கடலுக்குப் போகும் முன், "ஃபின் மாட்டி வைக்கிறியா அக்கா" என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை கேட்கிறாள். கடலைப் பார்த்தேன். சின்ன அலை, ஒரு ஃபினே போதும். பள்ளத்தின் நடுவுக்கும் கொஞ்சம் முன்னால் வைத்து, இரண்டு தடவை அளந்து, திருகிக் கொடுத்தேன்.

வாங்கியவள் பலகையைக் கவிழ்த்து, அடிஸ்கேலை எடுத்து அளந்தாள். "சரியாத்தான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, திருகாணியைக் கழற்றி ஃபினை வெளியே எடுத்து, அதே இடத்தில் தானே மறுபடி மாட்ட ஆரம்பித்தாள். திருகாணி கை நழுவித் தரையில் உருண்டது. நான் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தேன்.