பச்சையம்மாவின் கப்பல் சீட்டு

பினாங்கு
4 ஜனவரி 1932

அன்புள்ள வரதன் அண்ணாவுக்கு,

மலர்க்கொடி எழுதுவது. நான் சுகம். நீங்களும் கெங்கம்மா அண்ணியும் என் பச்சையம்மாவும் சுகமென்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் இப்போது முப்பத்தோரு பிள்ளைகள். சீனர், மலாய்க்காரர், அர்மீனியர், தமிழர் எல்லாரும் ஒரே பெஞ்சில். கணக்குப் போட்டால் ஆளுக்கொரு பாஷையில் முணுமுணுத்து விரல் மடக்குகிறார்கள், விடை மட்டும் இங்கிலீஷில் வருகிறது.

தலைமை ஆசிரியை என் பிள்ளை பச்சையம்மாவை வரவழைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். என் அறையிலேயே இருக்கலாம், இங்கேயே படிக்கலாம். அவள் அப்பா காலமான பிறகு, நாலு வயசில் உங்களிடம் விட்டு வந்தேன். இரண்டு வருஷம் என்றேன், மூன்றாகப் போகிறது. சீட்டு அனுப்பியிருக்கிறேன். மார்ச் கப்பலில் தெரிந்த குடும்பம் வருகிறது, அவர்களோடு ஏற்றிவிடுங்கள்.

உங்கள் தங்கை
மலர்க்கொடி

ராயபுரம்
9 மார்ச் 1932

அன்புத் தங்கை மலருக்கு,

பச்சையம்மாவுக்கு மணல்வாரி அம்மை போட்டு இறங்கியிருக்கிறது. பயப்படாதே. இந்த உடம்போடு கப்பலில் ஏற்ற டாக்டர் விடமாட்டார். மே மாதம் பார்க்கலாம்.

வரதன்

பினாங்கு
20 ஜூன் 1932

அண்ணா,

மே கப்பலுக்குத் துறையில் போய் நின்றேன். உங்கள் கடிதம் வந்தது, குழந்தை வரவில்லை. பரீட்சை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வயசுக் குழந்தைக்கு அப்படி என்ன பரீட்சை? நானும் வாத்தியார்தானே. உள்ளதை எழுதுங்கள்.

மலர்

ராயபுரம்
14 ஜூலை 1932

மலர்,

அம்மை நிஜம். பரீட்சை பொய்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தையில்லை என்பது உனக்குத் தெரியும். உன் பிள்ளை இப்போது கெங்கம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அத்தை என்று சொல்லும்படி நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. மே மாதம் அவளைக் கப்பலேற்றப் பரணிலிருந்து பெட்டியை இறக்கியதும் கெங்கம்மா அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். "அவ புள்ளதான், எனக்குத் தெரியாதா? கை வுட மாட்டேங்குது, நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள். துறைமுகத்தில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவன் நான், பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டு உனக்குப் பரீட்சை என்று எழுதினேன்.

நீ சொல்கிறபடி செய்கிறேன்.

வரதன்

பினாங்கு
22 ஆகஸ்ட் 1932

அன்புள்ள அண்ணா,

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

போன வாரம் எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு அர்மீனியச் சிறுமியின் தாயார் ரங்கூனிலிருந்து வந்திருந்தார். ஒன்றரை வருஷம் கழித்து மகளைப் பார்க்கிறார். அந்தப் பெண் என் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது, அண்ணா. அப்புறம்தான் வாசலில் நின்ற அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன்.

அண்ணியே பச்சையம்மாவை அழைத்து வரட்டும். அவருக்கும் சீட்டு வைத்திருக்கிறேன். மூன்று மாசம் இரண்டு பேரும் என்னோடு இருக்கட்டும். அதற்குப் பிறகும் பிள்ளை அண்ணியோடுதான் போவேன் என்றால் நான் பிடித்து இழுக்க மாட்டேன்.

மலர்

ராயபுரம்
11 அக்டோபர் 1932

அன்புள்ள மலர்,

இன்று காலை இரண்டு பேரும் கப்பலேறினார்கள். திருவொற்றியூர் தாண்டிப் போகாதவள் கெங்கம்மா. அங்கே கருவாடு கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒரு டின் நிறையக் கட்டிக்கொண்டாள்.

துறைமுகத்தில் பச்சையம்மா, அங்கே இருக்கிற அம்மாவை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் கெங்கம்மா சொன்னாள்: "அம்மான்னுதான் கூப்பிடணும். நான் உனக்கு அத்தை." சொல்லிவிட்டுக் குழந்தைக்குத் தலை வாரிவிட்டாள். ஏற்கெனவே வாரியிருந்த தலைதான்.

மூன்று மாசம் கழித்து எது நடந்தாலும் எனக்குச் சம்மதம். ஒன்று மட்டும் கேட்கிறேன். கெங்கம்மா ஒருத்தியாகத் திரும்ப வேண்டியிருந்தால் அவளைத் தனியாகக் கப்பலேற்றாதே. தந்தி கொடு, நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்
வரதன்