பாலத்தில் கொடுத்த வாடகை

அன்புள்ள ஹெட்மாஸ்டர் அவர்களுக்கு,

நேற்று கெய்ரோ முழுக்க என் கையைப் பிடித்தபடி நடந்தீர்கள். நைல் பாலத்தில் மல்லிகைச் சரம் வாங்கி என் கழுத்தில் போட்டீர்கள்.

எதிரே என் மகள் நெர்மின் வந்ததும் நான் கையை உதறிவிட்டேன். அவள் அப்பா இறந்து ஆறு வருடமாகியும், அவள் என்ன நினைப்பாளோ என்று எனக்குப் பயம். "இவரு டாக்ஸிக்காரரும்மா" என்றேன்.

நீங்கள் முகம் மாறாமல், "ஆமாம்மா, வாடகைக்குத்தான் நிக்கிறேன்" என்று கையை நீட்டினீர்கள். நாள் முழுக்க நான் பிடித்திருந்த கை. அதில் ஒரு நோட்டை வைத்தேன்.

இரவு சாப்பிட உட்கார்ந்தோம். நெர்மின்தான் பேச்சை எடுத்தாள்.

"ஏம்மா, டாக்ஸிக்காரர் தோள்ல தொங்குன உன் கைப்பையத் திறந்துதானே அவருக்கு வாடகை குடுத்தே?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"வெள்ளிக்கிழமை அவரச் சாப்பிடக் கூப்பிடு. நானே மீன் பொரிக்கிறேன்" என்றாள்.

வருவீர்களா? கேட்கவே கூசுகிறது.

இப்படிக்கு,
உங்கள் சவாரி