என் பெயரில் எடுத்த காப்பீடும் பூட்டப்பட்ட வீடும்

அனுப்புநர்
அம்சம், க/பெ. வீரையன் (லேட்),
கீழத்தெரு, கீழப்பூவக்கரை,
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், தஞ்சாவூர்.

பொருள்: வீட்டுக் கடன் கம்பெனி என் வீட்டைப் பூட்டி ஏலம் விடுவதை நிறுத்தி, காப்பீடு குறித்து விசாரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் குடியிருந்தவள் நான். தற்போது பக்கத்து மனையில் நூர்ஜஹான் என்பவரின் ஆட்டுக்கொட்டகையில் தங்கியிருக்கிறேன். தபால் அனுப்பினால் அவர் பெயருக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. கஜா புயலில் எங்கள் ஓட்டுவீட்டின் கூரை போய்விட்டது. என் கணவர் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுபவர். நிலையான சம்பளம் இல்லை என்று வங்கியில் கடன் மறுத்துவிட்டார்கள். அப்போது ராம்கி என்பவர், ஒரு தனியார் வீட்டுக் கடன் கம்பெனியின் ஏஜெண்ட், எங்கள் தெருவுக்கே வந்தார். பெண்கள் பெயரில் வாங்கினால் வட்டி குறைவு என்று கூறி என்னை முதல் கையெழுத்துப் போடச் சொன்னார். தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. காப்பீட்டுக்கென்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். கேட்டதற்கு, “அண்ணனுக்கு எதாவது ஒண்ணு ஆனாலும் இன்சூரன்ஸ் கட்டிடும்க்கா. வீடு உங்களுக்குத்தான்” என்றார். நம்பினோம்.

3. என் கணவர் இருந்தவரை ஒரு தவணையும் தவறியதில்லை. சென்ற ஆண்டு சம்பா அறுப்பின்போது வயலிலேயே மார்வலி வந்து இறந்துவிட்டார்.

4. காரியம் முடிந்ததும் இறப்புச் சான்றிதழோடு பட்டுக்கோட்டையில் உள்ள கம்பெனி அலுவலகத்துக்குச் சென்றேன். மேலாளர் உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “முதல் கையெழுத்து உங்களோடது, அதனால இன்சூரன்ஸ் உங்க பேர்லதாம்மா இருக்கு, அவர் பேர்ல இல்ல. நீங்க போயிருந்தா கடன் அடைஞ்சிருக்கும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை ஐயா. விவரமாகத்தான் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, செத்தவர் நானாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே வந்தேன். சம்பாதித்தவர் அவர்; அவர் இருந்தால் மகளாவது படிப்பை முடிப்பாள்.

5. அதன்பின் நூறு நாள் வேலைக்குப் போனேன், மூக்குத்தியை விற்றேன், கட்ட முடிந்ததைக் கட்டினேன். அத்தனையும் அபராதத்துக்கு வரவு வைக்கப்பட்டது. அசல் அப்படியே நிற்கிறது. வந்த நோட்டீசும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

6. கடந்த ஏப்ரலில் நீதிமன்ற ஆணை என்று காட்டி, போலீசோடு வந்து வீட்டைப் பூட்டிவிட்டார்கள். கொதித்துக்கொண்டிருந்த சோற்றை இறக்கி வைக்க மட்டும் விட்டார்கள். வாசல் சுவரில் கம்பெனியின் பெயரைச் சிவப்பு பெயிண்டில் எழுதினார்கள். கல்லூரியிலிருந்து வந்த என் மகள் செம்மொழி அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குள் வராமலே நின்றாள். மறுவாரம் படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். நான் அனுப்பவில்லை. போனில் பேசினால், “அந்த வீட்ட விட்டுடும்மா” என்கிறாள்.

7. இம்மாதக் கடைசியில் ஏலம் என்று கதவில் ஒட்டியிருக்கிறார்கள். கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்கவில்லை. காப்பீட்டை ஏன் சம்பாதித்தவர் பெயரில் எடுக்கவில்லை என்று விசாரிக்கும்வரை ஏலத்தை நிறுத்திவைக்க உதவ வேண்டுகிறேன். அதற்கு வழியில்லை என்றால், கதவை ஒருமுறை திறந்துவிடச் சொல்லுங்கள். மகளின் சான்றிதழ்களும் என் கணவரின் போட்டோவும் உள்ளே இருக்கின்றன. அவருக்கு வேறு போட்டோ கிடையாது.

8. எங்கள் தெருவில் இன்னும் நான்கு பெண்கள் இதே கம்பெனியில் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பயத்தால் இம்மனுவில் கையொப்பமிடவில்லை. கடன் தாள்களைத் தமிழில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று உத்தரவிட வழிசெய்யுங்கள். எனக்குக் காலம் கடந்துவிட்டது. அவர்களுடைய வீட்டுக்காரர்கள் உயிரோடு இருக்கும்போதே விசாரியுங்கள் ஐயா.

இடம்: தஞ்சாவூர்
நாள்: 16.06.2025

இப்படிக்கு,
(ஒப்பம்) வீ. அம்சம்

சொல்லக் கேட்டு எழுதியவர்: ஜெகபர் அலி, மனு எழுதுபவர்