கடைசியாக வருபவர் தொடங்கட்டும்

திண்டிவனம் மையத்துக்குள் நுழைந்ததுமே சிமென்ட் தூள் வாசனை மூக்கில் ஏறியது. புதிதாகக் கட்டிய அறையில் ஒருவர் தரையைத் துளைத்து, மூன்று பேர் சேர்ந்து உட்காரும் இரும்பு நாற்காலிகளை வைத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். எல்லா நாற்காலியும் ஒரே பக்கம் பார்த்தபடி. எதிரே ஒரு சின்ன மேடை, மேடையில் மைக். வாசலுக்கு மேலே பித்தளை எழுத்தில் உன் பெயர். அதற்குக் கீழே, 'நினைவுக் குழு சிகிச்சைக் கூடம்'.

எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? வேலை பார்த்த காலம் முழுக்க ஆட்களை வட்டமாக உட்கார வைத்தவள் நீ. உன் பெயரைப் போட்டு, வட்டமாக உட்காரவே முடியாத ஓர் அறையைக் கட்டியிருக்கிறார்கள். "ஆட்டவே முடியாது சிஸ்டர், அவ்ளோ ஸ்ட்ராங்கு," என்று அந்த மனிதர் பெருமையாகச் சொன்னார். அவர் மேல் என்ன தப்பு? சொன்ன வேலையைச் செய்கிறார்.

மனநல நர்சிங் பாடத்தில் தலைமை வகைகள் என்று ஒரு பகுதி வருமே, ஞாபகம் இருக்கிறதா? தானே முடிவெடுத்து உத்தரவு போடும் தலைமை, எல்லாரையும் கலந்து நடத்தும் தலைமை, எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடும் தலைமை. நான் கட்டம் போட்டு, நிறை குறை எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கினேன். நீ வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டாய். இந்த மூன்றில் நீ எந்த வகை என்று தேர்வாளர் அம்மா கேட்டார். "எதிர்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் மேடம் சொல்ல முடியும்," என்றாய். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். கொஞ்சம் திமிர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நீ விக்கிரவாண்டி வரைக்கும் அவித்த மல்லாட்டைக் கடலையைத் தின்று, தோலையெல்லாம் என் மடியில் போட்டுக்கொண்டு வந்தாய்.

பிறகு இருவருக்கும் ஒரே அறக்கட்டளை மருத்துவமனையில் வேலை கிடைத்தது. எனக்கு விழுப்புரத்தில் வார்டு, உனக்குத் திண்டிவனத்தில் பகல் மையம். என் வார்டிலிருந்து குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் மறுபடியும் என் வார்டுக்கே வந்து படுக்காமல் இருக்க வேண்டுமானால், உன் புதன்கிழமைக் குழுதான் கதி. மாத்திரை பாதி வேலையைத்தான் செய்யும் என்பது நம் இருவருக்கும் தெரியும். மற்ற பாதியை, சாம்பார் வாசனை அடிக்கும் அந்தச் சாப்பாட்டு அறையில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நீ செய்துகொண்டிருந்தாய்.

கோட்டக்குப்பம் பாய் வந்த புதிதில் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். துபாயில் பல வருடம் வண்டி ஓட்டியவர். ஊர் திரும்பியபின், பார்க்கிறவர்கள் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவார். ஆனால் எதிர் டீக்கடையிலேயே நின்றுவிடுவார். எல்லாரும் உள்ளே போனபின் தயங்கித் தயங்கி வருவார், சில நாள் வராமலே திரும்பிப் போய்விடுவார். நீ சாப்பாட்டு அறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். ஒரு புதன்கிழமை, கடைசியாக யார் வருகிறாரோ அவர்தான் அன்றைக்குப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று ஒரு விதி போட்டாய். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அந்த மனிதர் இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று உன்னிடம் சண்டைக்கு வந்தேன்.

"கடைசியா வர்றவங்களுக்குத்தான்டி பாரம் ஜாஸ்தி," என்றாய். "உள்ள போலாமா வேணாமான்னு ரோட்லயே தனக்குள்ள பேசிக்கினுதான் வர்றாரு. அத இங்க வந்து எறக்கி வெக்கட்டும்."

பாய் வந்தார், விதியைக் கேட்டார், தலை குனிந்துகொண்டார். நீ ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தமும் சமையல்கட்டில் கரண்டி படும் சத்தமும் மட்டும்தான். எனக்கு ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்ற வேண்டும் போல இருந்தது. நீ என் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாய். வெகுநேரம் கழித்து, டீக்கடையில் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று மட்டும் பாய் சொன்னார். வளவனூரிலிருந்து வரும் தனலட்சுமி அக்கா, கரும்பு வெட்டுக் காலத்தில் மனம் உடைந்து என் வார்டில் கிடந்தவர், தனக்கும் பஸ்ஸில் அப்படித்தான் இருக்கும் என்றார். பாய் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அடுத்த புதன் பாய் மறுபடியும் வந்தார்.

நீ எப்போதும் அப்படி அமைதியாக இருந்தாய் என்றும் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் புதிதாகக் குழுவில் சேர்ந்து, அக்கா அழுததைப் பார்த்துச் சிரித்தார். "நிறுத்துங்க," என்று ஒரே சொல் சொன்னாய். எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. எல்லாரையும் கலந்து நடத்தும் தலைமை எங்கே போயிற்று என்று பிறகு உன்னைச் சீண்டினேன். ஒருத்தர் மனசை ஒருத்தர் மிதிக்கும்போது ஓட்டு எடுத்துக்கொண்டிருக்க முடியாது என்றாய். தேர்வில் நான் கட்டம் போட்டுப் பிரித்து எழுதிய மூன்றையும் நீ ஒரே காலைப் பொழுதில் மாற்றி மாற்றிச் செய்வாய்.

இனி உன் மேல் இருக்கும் கோபத்துக்கு வருகிறேன். புதிய அறை மேல் இருப்பதைவிட அது பெரியது.

சில மாதமாக நீ அடிக்கடி விடுப்பு எடுத்தாய். திருவாமாத்தூர் கோயிலில் ஒரு வேண்டுதல் என்றாய். உனக்குப் பதிலாக நான் விழுப்புரத்திலிருந்து வந்து குழுவில் உட்கார்ந்து, சிஸ்டர் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னேன். பாய்கூட நன்றாக வேண்டிக்கொண்டு வரட்டும் என்றார். நீ போனதோ புதுச்சேரிக்கு, மார்பில் இருந்த கட்டிக்கு வைத்தியம் பார்க்க. எனக்குத் தெரியவந்தபோது வைத்தியம் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஏன்டி சொல்லவில்லை என்று உன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"சொன்னா நீ நர்ஸாயிடுவ," என்றாய். "எனக்கு சிநேகிதியாவே ஒருத்தி வேண்டியிருந்துச்சு."

அழகான பதில்தான். அன்றும் நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, இன்றும் ஏற்கவில்லை. எத்தனை பேர் வாயைத் திறக்க வைத்தவள் நீ! நெஞ்சுக்குள் பூட்டி வைப்பதுதான் பாதி நோய் என்று ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொன்னவள். உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

நீ போனபின் உன் குழு என் கைக்கு வந்தது. முதல் புதன்கிழமை எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் தொடங்கவில்லை. இன்றைக்குக் கடைசியாக வந்தது யார் என்று நான் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாய்தான் பதில் சொன்னார்.

"கடைசியா வர வேண்டியவங்க இன்னும் வரல சிஸ்டர்."

எல்லார் கண்ணும் நிறைந்துவிட்டது. தனலட்சுமி அக்கா மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க என்னிக்குக் கடைசியா வந்தாங்க பாய்? நாம வர்றதுக்கு மின்னாலயே வந்து குந்திக்கினு இருப்பாங்க. அதான் ஒரு நாளும் அவங்க மொற வரவே இல்ல."

அடிப்பாவி! அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. நாற்காலி போட வேண்டும், ஜன்னல் திறக்க வேண்டும் என்று நீ முதல் ஆளாக வருவதைக் கடமை என்றுதான் நினைத்தேன். யாரும் தப்பிக்க முடியாத விதியைப் போட்டு, அதில் நீ மட்டும் தப்பித்துக்கொண்டிருக்கிறாய். வேண்டுமென்றே செய்தாயா, உனக்கே தெரியாமல் நடந்ததா என்று கேட்கக்கூட இப்போது ஆள் இல்லை.

இந்த நிலையில்தான் உன் பெயரில் கூடம் திறந்தார்கள். விழுப்புரத்திலிருந்து நர்சிங் சூப்பிரண்டு வந்தார். இனிமேல் குழு சிகிச்சையை இங்கேதான் நடத்த வேண்டும் என்றும், முதல் அமர்வைத் தானே நடத்திக் காட்டுவதாகவும் சொல்லி மேடை ஏறினார். தலைப்பு, கோபத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி. எனக்காகவே வைத்த தலைப்பு போல இருந்தது. நம் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மைக்கை ஒவ்வொருவரிடமும் நீட்டி, பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். பாய் மைக்கை வாங்கி வாயருகே கொண்டுபோனார். தன் மூச்சுச் சத்தம் ஒலிபெருக்கிப் பெட்டியில் பெரிதாகக் கேட்டதும் பயந்து மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மறுபடியும் அதே டீக்கடை. நீ எவ்வளவு பாடுபட்டு அங்கிருந்து உள்ளே கொண்டுவந்த மனிதர்!

ஒத்துழைக்காதவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லி சூப்பிரண்டு மைக்கை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"முன்னாடி இருக்கறவங்க முதுவப் பாத்துக்கினு என்னா மேடம் பேசறது? மூஞ்சி தெரிஞ்சாத்தான் பேச்சு வரும்."

சொல்லிவிட்டு எழுந்து சாப்பாட்டு அறைக்கு நடந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் போனார்கள். அடுக்கி வைத்திருந்த சிவப்பு நாற்காலிகளைப் பிரித்து இழுக்கும் சத்தம் இங்கே வரை கேட்டது. சூப்பிரண்டு என்னைப் பார்த்து, ஒரு குழுவைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தெரியாதா என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் தாங்களாகவே எழுந்து போய், தாங்களாகவே வட்டம் போடுகிறார்கள், இதற்குத்தான் மேடம் இத்தனை வருடம் ஒருத்தி உழைத்தாள், அவள் பெயரைத்தான் வாசலில் போட்டிருக்கிறீர்கள் என்றேன். குரல் உயர்ந்துதான் போயிற்று. அதற்காக விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன், போ. குழு சாப்பாட்டு அறையில்தான் நடக்கும். கூடத்தை விழாவுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

அந்த விதியை நான் விடவில்லை. ஆனால் உன்னைப் போல முதலில் போய் உட்காருவதில்லை. சாப்பாட்டு அறைச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். போன புதன்கிழமை எதிர் டீக்கடையில் பாய் பக்கத்தில் போய் நின்றேன். இருவரும் டீ குடித்தோம். உள்ளே போகலாமா என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் டம்ளரை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து உள்ளே போனார். அவர் போய் உட்காரும் வரை காத்திருந்து, பிறகு நான் போனேன். கதவிலிருந்து நாற்காலிக்குப் போகும் அந்தச் சின்னத் தூரத்தில் என் கால் எவ்வளவு கனத்தது தெரியுமா? நீ ஏன் முதல் ஆளாக வந்தாய் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது. புரிந்தது, அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

உட்கார்ந்தேன். எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது.

"என் சிநேகிதி என்கிட்ட சொல்லாமலே செத்துப்போயிட்டா," என்றேன். "எனக்கு அவ மேல கோவம் தீரவே மாட்டேங்குது."

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அழாதீங்க சிஸ்டர் என்று யாரும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண் எனக்கு உதவ நினைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாய் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் மிச்சத்தையும் சொல்லி முடிக்கும் வரை அவர்கள் காத்திருந்தார்கள்.